டைனோசர் ஏன் பொம்மையாகச் சுருங்குகிறது?

கேள்வி: நான் அரியலூர் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர். எங்கள் மண்ணில் கிடைக்கும் புதைபடிவங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது காட்டுவதற்காக, பிளெண்டர் மென்பொருளில் டைனோசர் படங்கள் செய்யக் கற்றுவருகிறேன். டைரனோசாரஸ் ரெக்ஸ் மாடல் ஒன்றை இலவசமாக இறக்கி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்துப் பொட்டல் வெளியைக் கைபேசியில் படமெடுத்து, அதன்மேல் வைத்தேன். தோல், வெளிச்சம், நிழல் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் வெட்டி ஒட்டியதுபோலவே இருந்தது. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர், "எல்லாமே ஒரே தெளிவாக இருக்கிறது, அதனால்தான். டெப்த் ஆஃப் ஃபீல்டு போடுங்கள், பின்னணி மங்கினால் உயிர் வந்துவிடும்" என்றார். கேமரா அமைப்பில் அதை இயக்கினேன். 50 மி.மீ. லென்ஸ், எஃப்-2.8 என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது கண் மட்டும் தெளிவாக இருக்கிறது. மூக்கு நுனி லேசாக மங்குகிறது, வால் கரைந்தே போய்விட்டது. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பார்த்துவிட்டு, "சார், இது பொம்மை டைனோசர்தானே?" என்று கேட்டுவிட்டாள். மங்கலைக் கூட்டுவதா, குறைப்பதா? அதை ரெண்டரிலேயே செய்வதா, பிறகு படத்தில் சேர்ப்பதா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதும் சரி, உங்கள் மாணவி சொன்னதும் சரி. முனைக்கு முனை ஒரே தெளிவாக இருக்கும் கணினிப் படத்தைக் கண் எளிதில் நம்பாது. ஆனால் மங்கலை அழகுக்காகச் சேர்க்கும் பூச்சாக நினைத்தால் நீங்கள் பட்ட பாடுதான் எல்லோரும் படுவார்கள். ஒரு படத்தில் எது எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதை வைத்து, அதிலுள்ள பொருள் எவ்வளவு பெரியது என்று நம் கண் கணக்குப் போடுகிறது. உங்கள் மாணவியின் கண் அந்தக் கணக்கைச் சரியாகவே போட்டது.

மற்ற எதையும் தொடும் முன் ஒன்று செய்யுங்கள். பிளெண்டரில் டைனோசரைத் தேர்ந்தெடுத்து, விசைப்பலகையில் 'என்' எழுத்தை அழுத்துங்கள். பக்கத்தில் திறக்கும் பட்டியில் 'டைமென்ஷன்ஸ்' என்ற இடத்தில் மாடலின் நீள அகலம் இருக்கும். கண் தெளிவாக இருக்கும்போதே மூக்கு நுனி மங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன், அங்கே அசல் ரெக்ஸின் நீளமான 12 மீட்டர் என்று இருக்காது. 30 சென்டிமீட்டரை ஒட்டி ஏதோ ஓர் எண் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் மாடல்களைச் செய்தவர்கள் அசல் அளவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கேமராவை அருகில் கொண்டுபோனால் சட்டகம் நிறைந்துவிடும், திரையில் வித்தியாசம் தெரியாது. டெப்த் ஆஃப் ஃபீல்டை இயக்கும் வரை அது ஒரு குறையே இல்லை. இயக்கிய நொடியில், பிளெண்டர் உங்கள் டைனோசரை உண்மையிலேயே 30 சென்டிமீட்டர் பொருளாக எடுத்துக்கொண்டு, அரை மீட்டர் தள்ளி நின்று 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் எப்படி மங்குமோ அப்படி மங்க வைக்கிறது. மென்பொருள் தன் வேலையைத் துல்லியமாகச் செய்திருக்கிறது. நீங்கள் அதனிடம் கொடுத்தது பொம்மை.

கணக்கைப் பார்ப்போம். 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார், 50 மி.மீ. லென்ஸ், எஃப்-2.8. அரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான். 30 செ.மீ. பொம்மையில் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே அதைவிடக் கூடுதல் தூரம் இருக்கிறது, மூக்கு மங்காமல் என்ன செய்யும்? இப்போது அதே பொம்மையை 40 மடங்கு பெரிதாக்குங்கள். 12 மீட்டர் நீளம் வரும், அசல் ரெக்ஸின் அளவு. சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் 'சூ' என்ற எலும்புக்கூடு 12 மீட்டருக்குச் சற்றே கூடுதல். கேமராவையும் 40 மடங்கு தள்ளி 20 மீட்டரில் நிறுத்துங்கள். சட்டகத்தில் விலங்கு முன்பு இருந்த அதே அளவில், அதே கோணத்தில்தான் தெரியும். ஆனால் அதே லென்ஸ், அதே எஃப்-2.8 இப்போது 12 மீட்டரிலிருந்து 60 மீட்டர் வரை எல்லாவற்றையும் தெளிவாகப் பிடிக்கிறது. மூக்கு, கண், வால், பின்னால் நிற்கும் மரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

இதையே பிக்சலில் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் கைக்கு உதவும். 1,920 பிக்சல் அகலப் படத்தில், கண்ணுக்கு 20 செ.மீ. பின்னால் இருக்கும் பொம்மை வால் 30 பிக்சல் அளவு மங்குகிறது. கண்ணுக்கு 8 மீட்டர் பின்னால் இருக்கும் அசல் வாலின் மங்கல் ஒரு பிக்சலைக்கூட எட்டாது. தொடுவானம் பொம்மைப் படத்தில் நூறு பிக்சலுக்கு மேல் கரைந்துபோகும், அசல் அளவில் இரண்டரை பிக்சல்தான்.

காரணம் எளிது. 50 மி.மீ. லென்ஸை எஃப்-2.8-ல் வைத்தால் அதன் திறப்பு 50-ஐ 2.8-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 18 மி.மீ. ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் அந்தத் திறப்பின் இடது ஓரம் வழியாகவும் வலது ஓரம் வழியாகவும் நுழைகிறது. அந்த இரண்டு ஓரங்களின் பார்வைகளுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் மங்கலாகத் தெரிகிறது. அரை மீட்டரில் இருக்கும் பொம்மைக்கு 18 மி.மீ. என்பது பெரிய அகலம். 20 மீட்டரில் நிற்கும் விலங்குக்கு அது ஒன்றுமே இல்லை. பொம்மைப் படத்தில் வந்த மங்கல் அசல் ரெக்ஸுக்கும் வர வேண்டுமானால் திறப்பும் 40 மடங்கு, அதாவது 71 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். வானியல் ஆய்வகத்தில்தான் அப்படியொரு கண்ணாடியைப் பார்க்கலாம். எந்தப் படப்பிடிப்பாளரின் தோளிலும் அது தொங்காது. நாம் பிறந்ததிலிருந்து பார்த்த எந்தப் புகைப்படத்திலும் பெரிய விலங்கு ஒன்று அப்படி மங்கியிருந்ததில்லை. கையில் எடுத்து அருகில் வைத்துப் பார்த்த சின்னப் பொருள்கள்தான் அப்படி மங்கியிருக்கின்றன.

இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹெல்டு, எமிலி கூப்பர், ஜேம்ஸ் ஓ'பிரையன், மார்ட்டின் பேங்க்ஸ் ஆகிய நால்வரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, மங்கலை மட்டும் மாற்றினாலே ஒரு காட்சியின் தொலைவையும் அளவையும் பார்ப்பவர் வேறாக மதிப்பிடுகிறார் என்று காட்டியது. உண்மையான நகரத்தின் படத்தில் மேலும் கீழும் மங்கலைச் சேர்த்துக் கார்களையும் கட்டடங்களையும் விளையாட்டுச் சாமான்களாக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச காலம் கைபேசிச் செயலிகளில் அது பெரிய மோகமாக இருந்தது. நீங்கள் அறியாமல் உங்கள் ரெக்ஸுக்குச் செய்ததும் அதேதான்.

சினிமாவில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. வில்லிஸ் ஓ'பிரையன் 1925-ல் 'தி லாஸ்ட் வேர்ல்டு' படத்துக்கும் 1933-ல் 'கிங் காங்' படத்துக்கும் கையடக்க உருவங்களை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி டைனோசர்களை நடக்க வைத்தார். சின்ன உருவங்களைப் பெரிய விலங்காகக் காட்ட வேண்டிய அத்தனை பேருக்கும் பெரிய எதிரி இந்த மங்கல்தான். அதை ஒழிப்பதற்காகத் திறப்பை எஃப்-16, எஃப்-22 என்று இறுக்கி மூடி, குறைந்துபோன வெளிச்சத்தை விளக்குகளைக் கூட்டியோ ஃப்ரேமுக்கு அதிக நேரம் கொடுத்தோ ஈடுகட்டினார்கள். பொம்மையைப் பெரிதாக்க அவர்கள் மங்கலைத் துரத்தினார்கள் என்றால், 12 மீட்டர் விலங்கைக் கையில் வைத்திருக்கும் நாம் எதற்காக அதை அள்ளி ஊற்ற வேண்டும்?

அப்படியானால் மங்கலே வேண்டாமா? வேண்டும். கணினிக் கேமராவுக்கு இயல்பாக லென்ஸ் கிடையாது. ஊசித்துளைக் கேமராபோல ஒரே புள்ளி வழியாக உலகத்தைப் பார்க்கும், அதனால் ஒரு முழத்தில் இருக்கும் இலையும் ஒரு மைலில் இருக்கும் மலையும் ஒரே கூர்மையோடு வரும். 1981-ல் போட்மெசில், சக்ரவர்த்தி என்ற இருவர் கணினிப் படத்துக்கு லென்ஸும் திறப்பும் உள்ள கேமராவை வடிவமைத்துக் காட்டினார்கள். 1984-ல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த ராபர்ட் குக், தாமஸ் போர்ட்டர், லோரன் கார்பென்டர் ஆகியோர், ஒவ்வொரு பிக்சலுக்கும் பல கதிர்களை லென்ஸ் திறப்பின் வெவ்வேறு இடங்கள் வழியாக அனுப்பினால் ஃபோகஸ் மங்கல் தானாகவே சரியாக வந்துவிடும் என்று நிறுவினார்கள். உங்கள் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சின் இன்றும் செய்வது அடிப்படையில் அதுதான். ஆகவே கருவி கையில் இருக்கிறது. அதற்குள் நிற்கும் படப்பிடிப்பாளர் யார் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "எவ்வளவு மங்கல் வைக்கட்டும்?" என்று கேட்காதீர்கள். "இந்த விலங்கை ஒருவர் எங்கே நின்று, எந்த லென்ஸில் எடுத்திருப்பார்?" என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் எண்களை இட்டு நிரப்பிவிடுங்கள், மங்கலைப் பற்றிப் பிறகு யோசிக்கவே வேண்டாம்.

ரெக்ஸை 20 மீட்டரில் நின்று 50 மி.மீ. லென்ஸில் எடுக்க முதலில் ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். காட்டு யானையை எடுப்பவர்கள் எப்படி எடுப்பார்களோ அப்படித்தான் எடுக்க முடியும், தள்ளி நின்று 400 மி.மீ. லென்ஸில். 2022-ல் ஆப்பிள் டிவி பிளஸில் வந்த 'பிரீஹிஸ்டாரிக் பிளானட்' தொடரைப் பாருங்கள். பிபிசியின் இயற்கை வரலாற்றுப் பிரிவு தயாரித்து, டேவிட் அட்டன்பரோ குரல் கொடுத்த தொடர் அது. அதில் டைனோசர்கள் கானுயிர்ப் படங்களில் சிங்கமும் கழுகும் தெரிகிற மாதிரியே தெரிகின்றன. பின்புலம் மெத்தென்று விலகி நிற்கும், விலங்கு தலை முதல் கால்வரை திடமாக இருக்கும். தொலைதூர லென்ஸின் இயல்பு அது.

400 மி.மீ., எஃப்-4, ரெக்ஸ் 60 மீட்டரில் நம்மை நோக்கி நிற்கிறது என்று வையுங்கள். சட்டகத்தின் அகலத்தில் 5.4 மீட்டர்தான் அடங்கும். ஆகவே இது தலையும் மார்பும் தெரியும் படம். தெளிவு ஆழமும் தற்செயலாக ஏறக்குறைய அதே 5.4 மீட்டர். ரெக்ஸின் மண்டையோடு ஒன்றரை மீட்டருக்குள். மூக்கு, பல், கண், கழுத்து எல்லாமே தெளிவாக விழும். கண்ணுக்கு 10 மீட்டர் பின்னால் இருக்கும் வால் நுனிகூட 1,920 பிக்சல் படத்தில் 5 பிக்சல்தான் மங்கும். பின்னணிக் காடு மட்டும் 30 பிக்சலுக்கு மேல் மங்கும். விலங்கின் முழு நீளமும் பக்கவாட்டில் வேண்டுமென்றால் 150 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அங்கே தெளிவு ஆழம் 30 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. விலங்கு முழுவதும் தெளிவு, அரை கிலோமீட்டரில் உள்ள மரவரிசை 10 பிக்சல் மங்கல். நுட்பமான மங்கல்தான். ஆனால் பார்க்கிறவர் ஏனென்று தெரியாமலே நம்புவது இந்த 10 பிக்சலை. பழக்கத்தில் கை ஐம்பது பிக்சலுக்குப் போகும், போகவிடாதீர்கள்.

மங்கலைத் தாராளமாகச் சேர்க்கும் ஆசை இருந்தால் அதற்கு நேர்மையான இடம் முன்னணி. விலங்கின் உடம்பில் கை வைக்காமல், லென்ஸுக்கு முன்னால் எதையாவது வையுங்கள். அந்த 400 மி.மீ. காட்சியில், கேமராவுக்கு 5 மீட்டரில் ஒரு பெரணி இலை தலைகாட்டினால், அது சட்டக அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு விரிந்து, உருவமே இல்லாத பச்சை மூட்டமாகிவிடும். புதர் மறைவிலிருந்து எடுக்கும் கானுயிர்ப் படங்களின் ஓரத்தில் வரும் நிறக்கறை அதுதான். 50 மி.மீ. லென்ஸில் எடுத்தாலும் இந்த உத்தி பலிக்கும். விலங்கும் மலையும் கூர்மையாக இருக்கும்போது, லென்ஸிலிருந்து ஒரு மீட்டரில் உள்ள இலை 45 பிக்சல் மங்கும். அங்கே ஒரு மனிதர் மறைந்து நின்றார் என்று அந்த இலை சொல்லிவிடுகிறது. விலங்கு சுருங்குவதும் இல்லை. ஒரு டைனோசர் படத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்ய எனக்கு அனுமதி கிடைத்தால் இதைத்தான் செய்வேன்.

இலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னணியில் புல் வைக்கலாமா என்று யோசிப்பீர்கள். ரெக்ஸ் வாழ்ந்த வட அமெரிக்காவில் அன்று புல்வெளி கிடையாது. பெரணி, குதிரைவால் செடி, அகன்ற இலை மரங்களின் கிளை வையுங்கள். ஆனால் நம் நாட்டில் கதை சற்று வேறு. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிப்போன சாணத்தில் புல் இனங்களின் சிலிக்காத் துணுக்குகள் இருந்ததை 2005-ல் வெளியிட்டார்கள். டைனோசர் காலத்தின் கடைசியில் இந்திய நிலத்தில் புல் இருந்தது, அதை மேய்ந்த விலங்கும் இருந்தது. இன்னொன்று, உங்கள் பொட்டல் வெளிப் படத்தில் சீமைக் கருவேலம் நிற்காமல் இருக்காது. அது 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்த மரம். தூரத்து மங்கலில் ஒளிந்துகொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், அதன் வடிவம் மங்கினாலும் காட்டிக்கொடுக்கும். அழித்துவிடுவதே நல்லது. ரெக்ஸும் இந்த மண்ணில் நடந்ததில்லை. பிள்ளைகளுக்கு நம் நாட்டு வேட்டை விலங்கைக் காட்ட விரும்பினால், குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்து 2003-ல் பெயர் சூட்டப்பட்ட ராஜாசாரஸைச் செய்யுங்கள். அது ரெக்ஸைவிடச் சிறியது, தலையில் சிறு கொம்புபோன்ற முகடு உண்டு. உங்கள் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-ல் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். நீண்ட கழுத்துள்ள மாபெரும் தாவர உண்ணியாகக் கருதப்படும் அதன் எலும்புகள் உதிர்ந்துபோய்விட்டன என்பது எண்ணும்போதெல்லாம் வலிக்கிற இழப்பு. அந்த வகை விலங்கு ஒன்றை 30 மீட்டர் நீளத்தில் நீங்கள் வரைவதானால் 35 மி.மீ. லென்ஸில் 40 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். எஃப்-8 வைத்தால் நாலரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை மங்கல் எங்கும் இருக்காது, இருக்கவும் கூடாது.

அப்படிப்பட்ட படத்தில் பருமனை எதைக் கொண்டு காட்டுவது? காற்றைக் கொண்டு. தூரம் கூடக்கூட நிழல்கள் வெளுத்து, நிறங்கள் வானத்தின் நிறத்தை நோக்கி நகரும். உங்கள் ஊர்க் கோடையில் ஒரு கிலோமீட்டரில் நிற்கும் பனைமரம் எவ்வளவு வெளிறித் தெரிகிறது என்று பார்த்திருப்பீர்கள். 30 மீட்டர் விலங்கின் தலை நம் பக்கமும் வால் அந்தப் பக்கமுமாக நின்றால், வால் பக்கத்துக் கறுப்பு தலைப் பக்கத்துக் கறுப்பைவிட ஓர் இழை வெளுப்பாக இருக்க வேண்டும். பொம்மைக்கு இது ஒருபோதும் நடக்காது. பிளெண்டரில் மிஸ்ட் பாஸ் என்று ஒன்று இருக்கிறது, தொலைவுக்கு ஏற்ப மூட்டத்தைக் கலக்க அதுவே போதும். அசைவு மங்கலும் உதவும். ஓடும் விலங்கின் பாதம், சொடுக்கும் வால் நுனி ஆகியவற்றுக்கு மட்டும் கொஞ்சமாக.

'ஜுராசிக் பார்க்' 1993-ல் ஏன் அப்படி நம்ப வைத்தது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ஸ்டான் வின்ஸ்டனின் குழு ரெக்ஸை ஏறக்குறைய அசல் அளவிலேயே இயந்திர உருவமாகச் செய்திருந்தது. டீன் கண்டியின் கேமரா அதை மழையில், இரவில் படமெடுத்தது. அந்த உருவத்தின்மேல் விழுந்த மங்கல் உண்மையான லென்ஸ் உண்மையான அளவுக்குக் கொடுத்த மங்கல். டென்னிஸ் மியூரனின் குழு செய்த கணினி ரெக்ஸ் அதே காட்சியில் மாறி மாறி வந்து, பக்கத்தில் நிற்கும் இந்த அசலோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. நம்மிடம் இயந்திர ரெக்ஸ் இல்லை. ஆனால் ஒரு பேருந்தைப் படமெடுக்கலாம். ஊர்ப் பேருந்தும் 10, 11 மீட்டர் நீளம்தான். 20 மீட்டர் தள்ளி நின்று, நீங்கள் பிளெண்டரில் வைக்கப்போகும் அதே லென்ஸில் அதை எடுங்கள். முகப்பு விளக்கில் ஃபோகஸ் வைத்தால் பின்பக்கப் பலகை எவ்வளவு மங்குகிறது என்று பாருங்கள். உங்கள் ரெக்ஸுக்கு அதற்குமேல் மங்கல் கிடையாது.

இனி உங்கள் கைபேசிப் படம். இதுவரை சொன்னதெல்லாம் பெரிய சென்சார் கேமராவுக்கு. கைபேசி லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 5, 6 மி.மீ. அளவுதான், திறப்பு மிகச் சிறியது. மூன்று மீட்டருக்கு அப்பால் எதில் ஃபோகஸ் வைத்தாலும் தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். போர்ட்ரெய்ட் முறையில் தெரியும் மங்கல் மென்பொருள் சேர்ப்பது. பொட்டல் வெளி முழுக்கக் கூர்மையாக இருக்கும் படத்தின் நடுவே, வால் கரைந்த டைனோசர் எப்படிப் பொருந்தும்? ஒரே படத்தில் இரண்டு கேமராக்கள் பார்ப்பதுபோல இருக்கும். படத்தின் விவரங்களில் 35 மி.மீ. கணக்கில் குவியத் தூரம் இருக்கும், பெரும்பாலும் 24-க்கும் 28-க்கும் நடுவே. பிளெண்டரில் அந்த எண்ணையே லென்ஸுக்குக் கொடுங்கள், 50 மி.மீ.-ஐ விட்டுவிடுங்கள். பார்வைக் கோணம் ஒத்துப்போகாததும் வெட்டி ஒட்டிய உணர்வுக்கு ஒரு காரணம். திறப்புக்குக் கைபேசியின் எஃப்-1.8-ஐ அப்படியே போடக் கூடாது. சென்சார் சிறியது என்பதால் பெரிய சென்சார் கணக்கில் அது எஃப்-8-க்குச் சமம். லென்ஸ் 26, எஃப்-8 என்று வைத்தால் பின்னணிக்கும் டைனோசருக்கும் ஒரே கண் கிடைக்கும். மாடல் சின்னதாக இருந்தால் மாடலையே பெரிதாக்குங்கள். அதன் ரிக்கையும் (மாடலை அசைக்கும் எலும்புச் சட்டத்தையும்) சேர்த்தே பெரிதாக்குங்கள். காட்சியின் அலகு அமைப்பை மட்டும் மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், மங்கல் கணக்கு அதைப் பார்ப்பதில்லை.

பின்னணியை வேண்டுமென்றே மங்கலாக்கியே ஆக வேண்டும் என்றால், தரையைக் கவனியுங்கள். முழுப் படத்தையும் ஒரே அளவில் மங்கலாக்கி, அதன்மேல் கூர்மையான விலங்கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விலங்கு தரையில் நிற்காது, மிதக்கும். பாதம் பதிந்திருக்கும் மண் பாதத்தைப் போலவே கூர்மையாக இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னால் போகப்போகப் படிப்படியாக மங்க வேண்டும், முன்னால் வரும்போதும் அப்படியே. காலடியில் நான்கைந்து கூழாங்கற்கள், ஒரு காய்ந்த சுள்ளி ஆகியவற்றை மாடலாகவே செய்து சிதறவிடுங்கள். அவை அதே லென்ஸில் ரெண்டர் ஆகும்போது தரையையும் விலங்கையும் சேர்த்துக் கட்டிவிடும். ஃபோகஸை எண்ணாகக் கொடுக்காமல், கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் எம்ப்டி என்ற, ரெண்டரில் தெரியாத பொருள் ஒன்றை வைத்து அதைக் குறியாகக் கொடுங்கள். கானுயிர் எடுப்பவர்கள் யாரும் முதலில் பிடிப்பது கண்ணைத்தான்.

எல்லா டைனோசரும் பெரியது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். காம்ப்சோக்னேதஸ் ஒரு மீட்டர் நீளம், உடம்பு கோழியளவு. அதை 100 மி.மீ. லென்ஸில் இரண்டு மீட்டரிலிருந்து எஃப்-4-ல் எடுத்தால் தெளிவு ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. கண் கூர்மை, வால் மங்கல், பின்னணி பட்டுபோல. அந்தச் சின்ன விலங்குக்கு அது உண்மை. நீங்கள் இப்போது ரெக்ஸுக்குச் செய்து வைத்திருப்பதை அப்படியே அதற்கு மாற்றிவிடலாம்.

உங்கள் கடைசிக் கேள்வி: ரெண்டரிலேயே செய்வதா, பிறகு சேர்ப்பதா? அசையாத ஒற்றைப் படத்துக்கு ரெண்டரிலேயே செய்யுங்கள். பிறகு சேர்ப்பவர்கள் இசட் பாஸ் என்ற தொலைவு வரைபடத்தை வைத்து மங்கலாக்குகிறார்கள். அதில் ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு தொலைவுதான் உண்டு. இறகு, முடி, இலை நுனி ஆகியவற்றின் ஓரப் பிக்சலில் பாதி விலங்கும் பாதி வானமும் இருக்கும். அதற்கு எந்தத் தொலைவைக் கொடுத்தாலும் தவறு, அங்கேதான் அந்த வெளிறிய கோடு விழுகிறது. முன்னணி இலை மங்கி விரியும்போது அதன் பின்னால் மறைந்திருப்பது பாதி தெரிய வேண்டும். ஆனால் அந்த மறைந்த பகுதி ரெண்டரில் பதிவாகியே இருக்காது. சைக்கிள்ஸில் லென்ஸ் வழியாகச் செய்தால் இவை எதுவும் வராது. புள்ளிப் புள்ளியாக இரைச்சல்தான் கூடும், சாம்பிள்களைக் கூட்டினால் அடங்கிவிடும்.

நேரம் போதாமல் பிறகுதான் சேர்க்க வேண்டும் என்றால், முன்னணி இலைகள், விலங்கு, பின்னணி மூன்றையும் தனித்தனியாக ரெண்டர் செய்து, ஒவ்வொன்றையும் தனியே மங்கலாக்கி அடுக்குங்கள். காசியன் பிளர் வேண்டாம், லென்ஸ் பிளர் வேண்டும். ஈர மூக்கின் மினுக்கமும் இலை இடுக்கில் விழும் வெயிலும் உண்மையான லென்ஸில் பிரகாசமான வட்டங்களாக விரியும், காசியனில் சாம்பல் கறையாகக் கலங்கிவிடும். இதற்குப் படம் ஓபன் இ.எக்ஸ்.ஆர். வடிவத்தில் இருக்க வேண்டும். ஜேபெக்கில் வெளிச்சத்தின் உச்சிகள் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும், வட்டங்களுக்கு ஒளி கிடைக்காது.

எல்லாம் முடிந்த பிறகு கிரெயின். உங்கள் கைபேசிப் படத்தில், வானத்திலும் நிழலிலும் பொடிப்பொடியாக இரைச்சல் இருக்கும். டைனோசரில் அது துளியும் இருக்காது. மங்கல் லென்ஸில் நடப்பது, இரைச்சல் அதற்குப் பின்னால் சென்சாரில் நடப்பது. ஆகவே மங்கிய இடத்திலும் கூர்மையான இடத்திலும் இரைச்சல் ஒரே அளவில், கூர்மையாகவே இருக்கும். பின்னணியை மங்கலாக்கினால் அதன் இரைச்சலும் அழிந்துபோகும், திரும்பச் சேர்க்க வேண்டும். டைனோசருக்கும் அதே அளவு சேருங்கள். படத்தை நூறு சதவீதத்தில் பெரிதாக்கி, விலங்கின் நிழல் பக்கத்து விலாவையும் பக்கத்திலுள்ள தரை நிழலையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டிலும் பொடி ஒரே பருமனில் இருந்தால் படத்தைச் சேமித்துவிடலாம்.